நிலப்பெயர்: தாயகத்தின் ஊரும் ஆறும் பிள்ளைக்குப் பெயராகும்போது

பெற்றோர் தாம் பிரிந்துவந்த நாட்டின் ஊர், ஆறு, மலை, ஏரி ஆகியவற்றின் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கம் உலகின் பல மக்களிடம் உண்டு. இதைக் குறிக்க 'டோப்போனிம்' என்ற சொல்லையோ, அதற்கு நேரான 'இடப்பெயர்' என்ற சொல்லையோ ஆள்வது பொருந்தாது. இடம் என்னும் பொருளுடைய 'தோப்போஸ்', பெயர் என்னும் பொருளுடைய 'ஓனோமா' ஆகிய இரு கிரேக்கச் சொற்களின் வழியாக அமைந்த அந்தக் கலைச்சொல் இடத்துக்கு வழங்கும் பெயரையே குறிக்கிறது. தமிழ் இலக்கணத்திலும் இடப்பெயர் என்பது பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் அறுவகைப் பெயர்களுள் ஒன்று. மதுரை என்ற ஊரின் பெயர் இடப்பெயர் ஆகலாம், அப்பெயரைத் தாங்கிய ஆளின் பெயர் அவ்வாறு ஆகாது.

ஆளைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் முன்னமே இருக்கிறது. 'நிலப்பெயர் குடிப்பெயர் குழுவின் பெயரே' என்று தொடங்கி உயர்திணைப் பெயர்வகைகளை அடுக்கும் தொல்காப்பியப் பெயரியல் நூற்பா முதலில் வைப்பது நிலப்பெயரைத்தான். அருவாளன், சோழியன் என்பன உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். அருவா நாட்டான் அருவாளன், சோழ நாட்டான் சோழியன். நிலத்தால் மனிதர் பெறும் பெயர் என்ற இந்தப் பொருள் நம் வழக்கத்தின் உயிர்ப்பகுதியைத் தொடுவதால், புதுச்சொல் புனைவதைவிட இதையே விரித்து ஆள்வதே சிறந்தது என்று கருதுகிறேன். பிறந்த இடத்தால் அமைந்த பெயரிலிருந்து வேறுபடுத்த வேண்டிய இடத்தில் 'தாயக நிலப்பெயர்' எனலாம்.

அந்த வேறுபாடு முக்கியமானது. செவிலியர் பணியைச் சீரமைத்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்ததால் அப்பெயரைப் பெற்றார். நேப்பிள்ஸில் பிறந்த அவருடைய அக்காளுக்கு அந்நகரின் பழங்கிரேக்கப் பெயரான பார்த்தெனோப்பே இடப்பட்டது. பெற்றோரோ ஆங்கிலேயர். எனவே இவை நிலப்பெயர்களே எனினும் தாயக நிலப்பெயர்கள் அல்ல. ஆர்மீனியர் மகளுக்கு இடும் 'அனி' என்ற பெயர் இதற்கு நேர்மாறானது. பத்தாம் நூற்றாண்டில் ஆர்மீனிய அரசின் தலைநகராக விளங்கிய அனி, இன்று துருக்கியின் கிழக்கெல்லையில் இடிபாடுகளாகக் கிடக்கிறது. 1915இல் தொடங்கிய இனப்படுகொலைக்குப் பின் பல நாடுகளுக்குச் சிதறிய ஒரு மக்கள், தாம் குடியிருக்க முடியாத நகரைப் பெயராக்கித் தம் வீட்டுக்குள் வாழவைத்திருக்கின்றனர். அரராத் மலைக்கு அவர்கள் வழங்கும் 'மாசிஸ்' என்ற பெயர் ஆண்பிள்ளைகளுக்கும், செவான் ஏரியின் பெயர் பிள்ளைகளுக்கும் அமைகின்றன. பாலத்தீனரிடையே யாஃபா, பீசான் என்னும் பெண்பெயர்கள் இஸ்ரேல் உருவான 1948இல் அம்மக்களுள் மிகப் பலர் இழந்த ஊர்களின் பெயர்கள். இத்தகைய பெயரில் பெற்றோரின் நினைவு மட்டுமன்றி, 'நீ அங்கிருந்து வந்தவள்' என்று பிள்ளையிடம் சொல்லும் உரிமைக் கூற்றும் அடங்கியிருக்கிறது. பிள்ளை அவ்வூரைக் கண்டிராதபோதும் அக்கூற்று குறைவதில்லை.

இதை இடவாகுபெயர் என்று சிலர் எண்ணக்கூடும். 'ஊர் சிரித்தது' என்னும்போது ஊர் என்ற சொல் அவ்வூர் மக்களுக்கு ஆகிவருகிறது. ஆனால் சொல்லின் திணை மாறாமல், வினை அஃறிணையாகவே முடிகிறது. பிள்ளைக்கு இட்ட பெயரிலோ திணையே மாறிவிடுகிறது: 'அனி அழிந்தது' என்பது நகரைப் பற்றிய வாக்கியம், 'அனி வந்தாள்' என்பது மகளைப் பற்றியது. தமிழில் இத்திணை மாற்றத்தை விகுதியோ துணைச்சொல்லோ வெளிப்படையாக்குவதும் உண்டு; பழனி என்பது பழனியப்பன், பழனியம்மாள் என நீள்வதைக் காணலாம். ஆயினும் பழனி, சிதம்பரம், காசி முதலியவற்றை மக்கட்பெயராக்குவது பெரும்பாலும் அங்குக் கோயில்கொண்ட தெய்வத்தை முன்னிட்டே என்பதால், வடிவம் ஒத்திருந்தாலும் அவற்றைத் தாயக நிலப்பெயர் வகையில் சேர்க்கக்கூடாது.

ஒரு பெயர் இவ்வகையைச் சேர்ந்ததா என்று முடிவுசெய்ய, அதன் வடிவத்தை அன்று, இட்டவரின் காரணத்தையே கேட்க வேண்டும். அயர்லாந்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்த 'எரின்' என்ற பெயர் அயர்லாந்தைவிட, அங்கிருந்து சென்றவர்கள் குடியேறிய அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலேயே மகளின் பெயராக வேரூன்றியது. அக்குடும்பங்களில் அது தாயக நிலப்பெயர். பின்னர் அயர்லாந்தோடு எவ்வுறவும் இல்லாதவர்கள், ஓசை இனிமைக்காக மட்டும் அதே பெயரை இட்டபோது, நிலம் என்ற காரணம் நீங்கி அது அவர்களிடம் வெறும் இடுகுறியாக நின்றது.