கேப்ஸ்யூல்: சிமிழ்ப்படம்

பெங்களூரில் கோரமங்களா, எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கம் கணினி விளையாட்டு உருவாக்கும் தமிழர்கள் “கேப்ஸ்யூல் அனுப்பியாச்சா மச்சி?” என்று கேட்டால் மருந்துக்கடையைத் தேட வேண்டாம். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் ஒரு விளையாட்டின் பெயரையும் ஓவியத்தையும் சேர்த்துக் காட்டும் படங்களுக்கு, கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் வைத்த பெயர் அது. தேடல் பட்டியலிலும் முகப்பிலும் தள்ளுபடிப் பக்கத்திலும் வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது இதுதான். டிரெய்லரும் ஸ்க்ரீன்ஷாட்டும் பெரும்பாலும் இதை அழுத்திய பிறகே.

இலத்தீனில் ‘கப்சா’ என்றால் பெட்டி. ‘கப்சுலா’ சின்னப் பெட்டி. இரண்டுக்கும் வேர் ‘கபேரெ’ என்ற வினை: பிடி, பற்று, கைக்கொள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன இச்சொல் செடியின் விதையுறைக்கும், 1834இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற ஜெலட்டின் உறை மருந்துக்கும், பிறகு விண்வெளி வீரர் அமரும் கலத்துக்கும் பெயரானது. பெட்டியைக் குறிக்கும் ‘கேஸ்’, பணப்பெட்டியைக் குறித்துப் பிறகு பணத்தையே குறித்த ‘கேஷ்’ ஆகியவையும் கப்சாவின் வாரிசுகள். ‘கேஷ்’ நம் காசிலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பாதி உண்மை. கீழைநாட்டுச் சில்லறை நாணயத்துக்கு ஆங்கிலத்தில் இன்னொரு ‘கேஷ்’ உண்டு. காசிலிருந்து போனது அது.

தமிழில் என்ன சொல்வது? பலர் ‘அட்டைப்படம்’ என்கிறார்கள். அதில்தான் சிக்கல். அட்டைப்படம் ஒரே அளவில், கையில் எடுத்துப் பார்க்கும் தூரத்தில் இருப்பது. அந்த நினைப்போடு வரைபவர் ஐந்து கதாபாத்திரம், கோட்டை, வானத்தில் டிராகன், அடியில் சின்னதாகப் பெயர் என்று சினிமா போஸ்டர் போட்டுவிடுவார். ‘சிறுபடம்’ தம்ப்நெயிலுக்குப் போய்விட்டது. ‘முகப்புப்படம்’ தவறில்லை, ஆனால் ஃபேஸ்புக் பக்கத்தின் மேல்படத்தோடு குழம்பும். எங்கள் தேர்வு சிமிழ்ப்படம். குங்குமச் சிமிழ் என்றதும் அளவும் தெரிகிறது, உள்ளே ஒன்று அடங்கியிருப்பதும் தெரிகிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. வினையாக வரும்போது சிமிழ்த்தல் என்றால் பிடித்தல், பிணித்தல். ‘புள்சிமிழ்த் தற்று’ என்று 274ஆம் குறளில் வேடன் பறவை பிடிப்பதற்கு வருகிறது. ‘கபேரெ’வும் அதே வேலையைச் செய்யும் வினைதான்.

பயன்பாட்டிலும் சொல் வளைந்து கொடுக்கிறது. கடைப்பக்கத்தின் தலையில் வரும் 920 × 430 பிக்சல் படம் தலைச்சிமிழ். முகப்பின் பெரிய வரிசையில் வருவது முதன்மைச் சிமிழ், 1232 × 706. பருவகாலத் தள்ளுபடியில் நிமிர்ந்து நிற்பது நெடுஞ்சிமிழ், 748 × 896. வாங்கியவரின் நூலகத்தில், அதாவது அவர் வாங்கிய விளையாட்டுகளின் பட்டியலில் இருப்பது நூலகச் சிமிழ், 600 × 900. இவற்றோடு 462 × 174 அளவில் சிறுசிமிழ். விளையாட்டு பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இதில்தான்.

சிறுசிமிழை ஸ்டீம் தானே 184 × 69, 120 × 45 என்று இன்னும் சுருக்கிப் பட்டியல்களில் போடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 462இலிருந்து 120 என்றால் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. நீங்கள் 4 பிக்சல் தடிமனில் போட்ட எழுத்துக்கோடு ஒரு பிக்சலாகி மங்கும். 8 பிக்சலுக்குக் கீழே எந்தக் கோட்டையும் நம்பக் கூடாது. 120 பிக்சல் அகலத்தில் 18 எழுத்துள்ள பெயரை ஒரே வரியில் வைத்தால், இருபுறமும் 6 பிக்சல் ஓரம் போக எழுத்துக்கு 6 பிக்சல் அகலம் கிடைக்கும், படிக்கவே முடியாது. இரண்டு வரியாக உடையுங்கள், துணைத்தலைப்பைச் சிறுசிமிழில் மட்டும் விட்டுவிடுங்கள், பெயரைக் கிட்டத்தட்டப் படம் முழுக்க நிரப்புங்கள். கடைசியாகச் சொன்னதை வால்வின் வழிகாட்டியும் சொல்கிறது. ஓவியருக்கு மனசு கஷ்டமாக இருக்கும், பரவாயில்லை.

பெயரைத் தமிழ் எழுத்தில் வைப்பவர்களுக்குக் கூடுதல் வேலை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மேலும் கீழும் ஒரே மட்டத்தில் நிற்கும். தமிழில் மேலே புள்ளியும் கி, கீ விசிறியும், கீழே மு, கு, ரு வால்களும் உண்டு. ஒரே உயரத்துக்குள் அடைத்தால் நடு உடல் சுருங்கிவிடும். 120 × 45இல் முதலில் காணாமல் போவது புள்ளி. ‘வேட்கை’யில் ட் வெறும் ட ஆகிவிடும். புள்ளியை எழுத்துக்கோட்டை விடப் பெரிதாக, எழுத்திலிருந்து தெளிவாகத் தள்ளி வரையுங்கள். ண, ன, ணை போன்ற சுழிகளின் உள்வெளி அடைபடுகிறதா என்றும் பாருங்கள். கணினியில் வரும் சாதாரண எழுத்துருவைத் தட்டிவிட்டுப் பளபளப்பு சேர்ப்பது பெயர்வடிவம் (லோகோ) ஆகாது.

ஓவியத்துக்கு வருவோம். ஒரு உருவம், ஒரு செயல். நிழலுருவை மட்டும் பார்த்தாலே யார் என்று தெரிய வேண்டும். கருப்பு வெள்ளையாக மாற்றி, பின்னணி, உருவம், பெயர் மூன்றும் மூன்று வெவ்வேறு ஒளி அளவில் நிற்கின்றனவா என்று பாருங்கள்; இரண்டு ஒன்றோடொன்று கலந்தால் எத்தனை வண்ணம் கொட்டினாலும் மீளாது. ஸ்டீமின் பக்கம் கருநீலம். விளிம்பில் கருப்பு வைத்தால் படம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் பக்கத்தோடு கரையும். திகில் விளையாட்டுக்காரர்கள் அடிக்கடி விழும் குழி இது. ஓரத்தில் மெல்லிய சிவப்போ சாம்பலோ ஓடவிட்டால் போதும்.

ஒரே ஓவியத்தை எல்லா அளவுக்கும் இழுத்து நசுக்குவது அடுத்த வழக்கமான தவறு. நூலகத்தின் மேற்பட்டை 3840 × 1240, அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். நூலகச் சிமிழோ இரண்டுக்கு மூன்று என்று நிமிர்ந்தது. இரண்டுக்கும் ஒரே வெட்டு பொருந்தாது. பின்னணியை நாலாபுறமும் தாராளமாக நீட்டி வரைந்து, பின்னணி, உருவம், ஒளித்தெறிப்பு, பெயர் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்காக வைத்தால் ஒவ்வொரு அளவிலும் உருவத்தை நகர்த்திக்கொள்ளலாம். மேற்பட்டையில் எழுத்து கூடாது. பெயர்வடிவத்தை ஒளிபுகும் பின்னணியுள்ள தனி பிஎன்ஜி கோப்பாகக் கேட்பார்கள்.

2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமின் விதி கண்டிப்பானது. சிமிழில் விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு மட்டுமே இருக்கலாம். விமர்சன மதிப்பெண், விருதுப் பெயர், ‘இப்போது 50% தள்ளுபடி’ எதுவும் கூடாது. பெரிய அப்டேட் வந்தால் அதைச் சொல்லும் தற்காலிகப் படம் போடலாம், அதிகபட்சம் ஒரு மாதம். அதிலுள்ள எழுத்தை விளையாட்டு ஆதரிக்கும் மொழிகளிலெல்லாம் தர வேண்டும்.

மேலே சொன்ன குறள் கூடாவொழுக்கம் அதிகாரத்தில் வருவதைக் கவனிக்கலாம். புதருக்குள் ஒளிந்து பறவை பிடிப்பவன், வேடத்துக்குள் ஒளிந்து தவறு செய்பவனுக்கு உவமை. சீட்டு விளையாட்டுக்கு வாள்வீரன் பாயும் ஓவியம் போட்டால் அழுத்துபவர் அதிகமாகலாம். ஆனால் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. ஏமாந்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு எதிர்மறை விமர்சனமும் எழுதிவிட்டுப் போவார். சீட்டு என்றால் கையில் சீட்டு, மேலிருந்து பார்க்கும் வியூக விளையாட்டு என்றால் மேலிருந்து பார்க்கும் கோணம்: வகையை மறைக்காதீர்கள்.

சோதனை எளிது. அதே வகையில் நன்றாக விற்கும் பத்து விளையாட்டுகளின் சிறுசிமிழ்களை எடுத்து, கருநீலப் பின்னணியில் உங்களுடையதையும் நடுவில் செருகி, 120 × 45 அளவில் விளையாட்டைத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். பெயர் என்ன, என்ன செய்யும் விளையாட்டு என்ற இரண்டே கேள்வி. “அழகா இருக்கு” என்ற பதில் கணக்கில் வராது. கூகுள் பிளேயில் இரு படங்களைப் பிரித்துச் சோதிக்க வசதி இருக்கிறது, ஸ்டீமில் இல்லை. அங்கே படத்தை மாற்றிய தேதியைக் குறித்துவைத்து, ஸ்டீம்வொர்க்ஸ் (விளையாட்டு உருவாக்குபவர்களுக்கான வால்வின் தளம்) அறிக்கையில் எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை அதே பகுதிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டியதுதான். தள்ளுபடி வாரத்தில் மாற்றினால் எது படத்தால், எது விலையால் என்று பிரிக்கவே முடியாது.

பேச்சில் ‘கேப்ஸ்யூல்’ என்றே சொல்லுங்கள், ஸ்டீம்வொர்க்ஸ் படிவத்திலும் அதுதான் இருக்கும். தமிழில் எழுதும்போது சிமிழ்ப்படம். ஓவியரோடு போடும் ஒப்பந்தத்தில் மட்டும் இரண்டு சொல்லும் போதாது: ஐந்து அளவுகளையும் எண்ணோடு எழுதி, அடுக்கு பிரிக்காத பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) கோப்பை ஏற்க மாட்டோம் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.