கார்ட்டெல்: தமிழில் என்ன சொல்வது?

தருமபுரியில் நான் முடி வெட்டப் போகும் கடையில் கண்ணாடிக்கு மேலே ஓர் அட்டை தொங்கும். கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு, கீழே "இப்படிக்கு, சங்கம்". போன வருடம் விலை ஏறியபோது எதிர்க்கடையை எட்டிப் பார்த்தேன். அங்கும் அதே அட்டை, அதே பச்சை எழுத்து.

போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்து விலை வைப்பதை ஆங்கிலத்தில் 'கார்ட்டெல்' என்பார்கள். அந்தச் சொல்லின் பூர்வீகமும் ஓர் அட்டைதான். இத்தாலியில் 'கார்ட்டெல்லோ' என்றால் அறிவிப்புப் பலகை. பிரெஞ்சுக்குப் போனதும் அது கத்திச்சண்டைக்கு அழைக்கும் ஓலையானது. 17ஆம் நூற்றாண்டில், போரிடும் நாடுகள் கைதிகளை மாற்றிக்கொள்ள எழுதிய உடன்படிக்கைக்கும் அதே பெயர். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்: சண்டை ஓயவில்லை, ஆனாலும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஆலை முதலாளிகள் விலையிலும் உற்பத்தி அளவிலும் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு இந்தப் பெயர் பொருந்திப் போனது. அவற்றில் பேர்போன ஒன்று 1893இல் தொடங்கிய ரைன்-வெஸ்ட்ஃபாலிய நிலக்கரி சிண்டிகேட். ஆக, ஏலத்தில் நம்மூர்க்காரர்கள் "சிண்டிகேட் போட்டுட்டாங்க" என்று சொல்வது ஒன்றும் தப்பான பேச்சு இல்லை.

நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதற்கு விளக்கம் தருகிறது. உற்பத்தியாளர்களோ விற்பவர்களோ வியாபாரிகளோ தங்களுக்குள் பேசிவைத்து உற்பத்தியை, விற்பனையை, விலையைக் கட்டுப்படுத்தினால், கட்டுப்படுத்த முயன்றாலே, அது கார்ட்டெல். அப்படிப் பார்த்தால் சலூன் அட்டையும் இதற்குள் வந்துவிடும் போலிருக்கிறது! ஆனால் எல்லாக் கடையிலும் ஒரே விலை இருப்பது மட்டும் சான்றாகாது. பேசிவைத்தார்கள் என்று காட்ட வேண்டும். கூட்டக் குறிப்பு, மின்னஞ்சல், போன் பதிவு என்று தேடுவார்கள். முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்கு அபராதத்தில் நூறு சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. திருடனைக் கொண்டே திருடனைப் பிடிக்கிற வழி.

பெரிய உதாரணம் சிமெண்ட். 2012இல் இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் இந்தியப் போட்டி ஆணையம் சிமெண்ட் நிறுவனங்களுக்கு 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2015இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. விசாரணையைக் கேட்காத தலைவர் ஆணையில் கையெழுத்துப் போட்டது முறையில்லை என்றார்கள். 2016இல் ஆணையம் மறுபடி அபராதம் விதித்தது. 2018இல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

சரி, தமிழ்ச் சொல்? 'கூட்டணி' சரிப்படாது, அதில் குற்றமே தெரியவில்லை. 'கூட்டுச்சதி' என்றால் போலீஸ், ஜெயில் ஞாபகம் வருகிறது. இங்கே தண்டனை பெரும்பாலும் பணம்தான். மேடைகளில் முழங்கும் 'கள்ளக்கூட்டணி'யிலிருந்து 'கள்ளக்கூட்டு' என்று எடுக்கலாம் என நினைத்தேன். வெளியே மோதல், உள்ளே உறவு. அச்சாகப் பொருந்துகிறதே! சலூன்காரரிடம் சொன்னேன். "கள்ளம் எங்க சார் இருக்குது? போர்டுலயே எழுதித்தானே மாட்டியிருக்கோம்" என்றார், கத்தரியை நிறுத்தாமல்.

அவர் சொன்னது நியாயம். சட்டத்தின் விளக்கத்தில் ரகசியம் என்ற நிபந்தனையே இல்லை, பேசிவைத்ததுதான் குற்றம். அதனால் 'கள்ள'த்தை எடுத்துவிட்டு 'விலைக்கூட்டு' என்று வைத்துக்கொண்டேன். கேட்டதும் 'விலையைக் கூட்டு' என்று காதில் விழுவது கூடுதல் வசதி.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடிக்கிறது. சட்டம் விற்கும் விலையை மட்டுமல்ல, வாங்கும் விலையைப் பேசிவைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் தோத்தாபுரி மாங்காயை லோடு லோடாக வாங்கும் கூழ் ஆலைகள் ஒருவேளை தங்களுக்குள் பேசிவைத்து விலை வைத்தால், அதுவும் விலைக்கூட்டுதான். அங்கே விலை குறையும்.