மறைந்த எழுத்தாளரைப் பற்றி எழுத வாரிசின் கையெழுத்து வேண்டுமா?

ஆய்வேட்டை நூலாக்கலாம் என்று பதிப்பகத்துக்குப் போனால், "குடும்பத்துல என்.ஓ.சி. வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள், அதாவது ஆட்சேபம் இல்லை என்ற கடிதம். குடும்பத்தாரோ மூன்றாம் இயலை எடுத்தால்தான் கையெழுத்து என்கிறார்கள். இப்படிப் பல வருட உழைப்பு அச்சேறாமலே போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தைத்தான் காக்கிறது. எழுதியவரின் வேலை, நட்பு, சண்டை, கடன் எதுவும் வாரிசுச் சொத்து ஆகாது. அந்தரங்க உரிமையும் இறப்போடு முடிகிறது, வாரிசுக்கு வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. ஆனால் குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதினால், இறந்தவருக்காகவும் அவதூறு வழக்கு வரும். ஆகவே ஆதாரம் இல்லாத வரியை நீங்களே எடுத்துவிடுங்கள்.

மேற்கோளில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "பத்து வரி வரைக்கும் எடுக்கலாம்" என்று ஒரு கணக்கு சொல்வார்கள். சட்டத்தில் அப்படி எண்ணிக்கையே கிடையாது. விமர்சனத்துக்கு வேண்டிய அளவு, பெயரும் நூலும் குறிப்பிட்டு எடுக்கலாம் என்பதே 52-ஆம் பிரிவு. நீங்கள் அலசாத முழுக் கதையைப் பின்னிணைப்பில் சேர்த்தால் அது மேற்கோள் ஆகாது, அனுமதி வேண்டும்.

இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1965-இல் இறந்தவரின் உரிமை 2025 டிசம்பர் 31-உடன் தீர்ந்தது. ஆனால் உயிரோடிருந்தபோது வெளிவராத எழுத்துக்கு, முதலில் வெளியான ஆண்டு முடிந்துதான் 60 எண்ணுவார்கள். கடிதங்களும் நாட்குறிப்புகளும் இதில் சிக்கும். உங்கள் தாத்தாவுக்கு வந்த கடிதம் என்றாலும், தாள்தான் உங்களுடையது. வாசகம் எழுதியவரின் வாரிசுகளுடையது. அதிலுள்ள செய்தியை உங்கள் நடையில் எழுதுங்கள், முழுக் கடிதத்தை அச்சிடாதீர்கள்.

நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தால் யாரும் அச்சிடலாம். அதையும் வாய்ச்சொல்லாக நம்ப வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் முதலில் தேடுங்கள், பிறகு தமிழ் வளர்ச்சித் துறையில் அரசாணை நகலைக் கேளுங்கள். "அந்த ஃபைல் வேற செக்ஷன்" என்று அலையவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

உண்மையிலேயே அனுமதி தேவைப்படும் இடத்தில், யாரிடம் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். மூத்த மகன் கையெழுத்துப் போட்டு, புத்தகம் வந்தபின் மகள் நோட்டீஸ் விடுவது சகஜம். உயில் இல்லை என்றால் உரிமை எல்லா வாரிசுகளுக்கும் பொது. அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, இவர்கள் வாரிசுகள் என்று மட்டுமே சொல்லும். எழுத்தாளர் தன் காலத்திலேயே உரிமையை விற்றிருந்தால் அந்தச் சான்றால் பயனில்லை. "முழு உரிமையும் எங்களுக்கு" என்று ஒரு பதிப்பகம் சொன்னால் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் 5 ஆண்டுதான். ஆனால் 1995 மே மாதத்துக்கு முன் போட்ட ஒப்பந்தங்களுக்கு இந்த 5 ஆண்டு விதி பொருந்தாது. பழைய பதிப்பகங்களிடம் இருப்பவை பெரும்பாலும் அவைதான், கவனம்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து புத்தகத்தை நிறுத்தாதீர்கள், பதில் போடாமலும் இருக்காதீர்கள். எந்த நூலின் எந்தப் பக்கம் மீறப்பட்டது, நோட்டீஸ் விட்டவரின் உரிமைக்கு ஆவணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வெறும் மிரட்டலாக இருந்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி நீங்களே நீதிமன்றம் போய் மிரட்டலுக்குத் தடையும் இழப்பீடும் கேட்கலாம். அதற்காகவே பதிவுத் தபால் ரசீது, மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.