பழைய துறைமுகத்தில் புது வீடு: தரைக்குக் கீழே என்ன இருக்கிறது?

ஆறு தெரியும் பால்கனி என்றால் விலை கூடும், அதில் தவறில்லை. ஆனால் கைவிட்ட துறைமுகத்தில் எழும் குடியிருப்பில் முதலில் விசாரிக்க வேண்டியது அடிமண்ணைப் பற்றி.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், எல்பே ஆற்றங்கரையில் உள்ள ஹாஃபென்சிட்டியை எடுத்துக்கொள்வோம். 157 ஹெக்டேர் பழைய துறைமுக நிலம். 2000-இல் பெருந்திட்டம் ஒப்புதலானது. இடமோ நகரின் வெள்ளத் தடுப்புக் கரைக்கு வெளியே; 1962 பிப்ரவரி வெள்ளத்தில் 315 பேரைப் பறிகொடுத்த ஊர் அது. சுற்றிலும் கரை கட்டினால், அது முடியும்வரை ஒருவரும் குடியேற முடியாது, ஆறும் மறைந்துவிடும். அதனால் கட்டடங்களைக் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 8 முதல் 9 மீட்டர் உயர மேடைகளில் எழுப்பினார்கள். மேடைக்குள் கார் பார்க்கிங். கரையோர நடைபாதை மட்டும் 4 முதல் 5.5 மீட்டரிலேயே நிற்கிறது. 2013 டிசம்பர் புயலில் நீர் 6 மீட்டரைத் தாண்டியது. நடைபாதை மூழ்கலாம், வீடு மூழ்கக் கூடாது என்பதுதான் கணக்கு. நடைபாதையை உயர்த்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: பழைய கரைச்சுவரை ஒட்டி மண்ணைக் குவித்தால் சுவர் ஆற்றுப் பக்கம் தள்ளப்படும்.

மேடு போடுவதில் இன்னொரு சிக்கல். புது மண்ணின் பாரத்தில் அடியிலுள்ள களிமண் ஆண்டுக்கணக்கில் அமுங்கும். பைல், அதாவது நிலத்தில் ஆழமாக இறக்கிய தூண், மேல் நிற்கும் கட்டடம் அசையாது. பக்கத்துச் சாலை இறங்கும். இரண்டும் சேருமிடத்தில்தான் கழிவுநீர்க் குழாய் முறியும். அங்கே வளையும் இணைப்பு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். சாலையிலிருந்து வாசலுக்கு ஏறும் சரிவுப்பாதையில் புதிதாய் ஒட்டுப்போட்ட தார் தெரிந்தால், அமுங்கல் இன்னும் ஓயவில்லை என்று சந்தேகப்படலாம்.

மேடைக்குள் இருக்கும் பார்க்கிங்குக்குள் நீர் புகாமல் தடுக்கும் வெள்ளக் கதவுகள் பெரும்பாலும் பராமரிப்பில்தான் தோற்கின்றன. ரப்பர் சீல் காய்ந்து வெடித்திருக்கும், அடித்தண்டவாளத்தில் மணல் அடைத்திருக்கும். கதவு சரியாக மூடினாலும், வடிகாலில் நான்-ரிட்டர்ன் வால்வு (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) இல்லையென்றால் தண்ணீர் உள்ளிருந்தே பொங்கும். மின்பலகை அறை பார்க்கிங்கில் இருந்தால் லிஃப்ட்டும் போச்சு. நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால் கதவை மூடுவது யார் பொறுப்பு, கடைசியாக எப்போது மூடிப் பார்த்தார்கள் என்பதைக் குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

நிலக்கரி எரிவாயு ஆலை இருந்த மனை என்றால் கூடுதல் கவனம் தேவை. அங்கே மண்ணில் கசிந்த நிலக்கரித் தார் தண்ணீரைவிடக் கனமானது. கீழே இறங்கிக் களிமண் அடுக்கின் மேல் தேங்கும். யோசிக்காமல் பைல் இறக்கினால் அந்த அடுக்கு துளைபட்டு நிலத்தடி நீருக்கு வழி திறந்துவிடும். மேல்மண்ணை ஒரு மீட்டர் மாற்றிவிட்டு 'சுத்தம்' என்பார்கள், நம்பாதீர்கள். அந்தக் கழிவிலிருந்து வரும் பென்சீன், நாப்தலீன் ஆவி தரைத்தளக் கீறல் வழியாகவும் குழாய் நுழையும் ஓட்டை வழியாகவும் ஏறும். தடுப்புக்கு விரித்த ஷீட்டைப் பின்னால் வந்த பிளம்பர் கிழித்திருப்பது சகஜம். எனவே மண் ஆய்வறிக்கையோடு, கட்டி முடித்தபின் தரைத்தளத்தில் எடுத்த காற்றுப் பரிசோதனை முடிவையும் கேளுங்கள்.