"நீ ஆசைப்பட்டதுதானே கிடைச்சது?"

கல்லூரியில் சேர்ந்த நான்காவது மாதத்தில்தான் மாணவர்கள் மனநல ஆலோசகர்களான எங்களிடம் வருகிறார்கள். ஆசைப்பட்ட கல்லூரி, ஆசைப்பட்ட பாடம், வீட்டில் எல்லோருக்கும் பெருமை. முதல் தேர்வு முடிந்த கையோடு ஆலோசனை அறையில் வந்து உட்கார்ந்து, "என்ன குறைன்னே தெரியலை, ஆனா காலையில எழுந்திருக்க முடியலை" என்கிறார்கள். பதவி உயர்வு கிடைத்தவரும் இதையே சொல்கிறார், பணி ஓய்வு பெற்றவரும் இதையே சொல்கிறார். வீட்டில் அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வியும் ஒன்றுதான்: "நீ ஆசைப்பட்டதுதானே கிடைச்சது? அப்புறம் என்ன?"

இந்தக் கேள்வியால் ஒரு மனிதர் உதவி கேட்பது மாதக் கணக்கில் தள்ளிப்போகிறது. மறுபடி மறுபடி இதையே பார்த்து அலுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் கறாராகவே எழுதுகிறேன்.

நல்லது நடந்தால் மனம் நோகக் கூடாது என்று யார் சொன்னது? மனம் நோவதற்குக் கெட்டது நடக்க வேண்டியதில்லை. பழகியது கைவிட்டுப் போனால் போதும். விடுதி அறைக்குள் பெட்டியோடு நுழையும் மாணவிக்குக் கிடைத்தது ஒன்று. போனது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். முகத்தைப் பார்த்தே மனநிலையைச் சொல்லிவிடும் ஆட்கள் போனார்கள். யோசிக்காமல் கால் நடந்து போகும் வழிகள் போயின. எப்போது எழ வேண்டும், எப்போது படிக்க வேண்டும் என்று வேறு யாரோ போட்டு வைத்திருந்த அட்டவணை போனது. வகுப்பில் முதல் மூவரில் ஒருத்தி என்ற இடம் போனது, ஏனென்றால் இங்கே எல்லோருமே எங்கோ முதல் மூவரில் இருந்துவிட்டு வந்தவர்கள். இத்தனையும் ஒரே நாளில் போயிருக்கின்றன. அழுகை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

இது புதிய செய்தியும் இல்லை. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மனிதர் தன்னை எவ்வளவு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. திருமணத்துக்கு 50, வேலையை விட்டு நீக்கப்படுவதற்கு 47. ஆம், திருமணத்துக்கு மூன்று மதிப்பெண் கூடுதல். பணி ஓய்வுக்கு 45. பெரிய தனிப்பட்ட சாதனைக்குக்கூட 28. படிப்பைத் தொடங்குவதற்கோ முடிப்பதற்கோ 26. வீடு மாறுவதற்கு 20. நல்லது, கெட்டது என்று அந்தப் பட்டியல் பிரிக்கவில்லை. பழைய பட்டியல்தான், ஆளுக்கு ஆள் கனம் மாறும். இணையத்தில் அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு "எனக்கு நோய் வரப்போகிறது" என்று பயந்து வர வேண்டாம். மகிழ்ச்சியான மாற்றமும் உடலிடமும் மனத்திடமும் வேலை வாங்கும் என்ற ஒன்றை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஆசைப்பட்டதுதானே" என்று கேட்கும்போது நடப்பது இதுதான். கேட்கப்பட்டவர் தன் வருத்தத்தோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்குகிறார். நன்றிகெட்டவன் என்று தன்னைத் தானே திட்டிக்கொள்கிறார். அடுத்த முறை தொலைபேசியில் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்கிறார். நீங்களும் நம்பிவிடுகிறீர்கள்.

எதுவுமே நடக்காததால் வரும் மாற்றமும் உண்டு. நான்சி ஷ்லாஸ்பர்க் என்ற ஆலோசனைத் துறைப் பேராசிரியர் இதைத் தனியாகவே பிரித்துக் காட்டினார். உடன் படித்தவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்துவிட்டது, இவருக்குக் கிடைக்கவில்லை. எதிர்பார்த்த குழந்தை வரவில்லை. அடுத்தது தனக்குத்தான் என்றிருந்த பதவி இன்னொருவருக்குப் போனது. சுட்டிக்காட்ட ஒரு சம்பவம் இல்லாததால் ஆறுதல் சொல்லவும் யாரும் வருவதில்லை. உங்கள் வட்டத்தில் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார்.

அடுத்த தொல்லை, "இருபத்தொரு நாள்ல பழகிடும்". இந்த 21 எங்கிருந்து வந்தாலும் சரி, அதைத் தூக்கிப் போடுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சின்னப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆகும் என்று கண்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணித்தார்கள். தினமும் ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற ஒற்றைப் பழக்கத்துக்கே இந்தக் கணக்கு. நீங்கள் மாற்றிக்கொண்டிருப்பது வாழ்க்கை முழுவதையும். அதே ஆய்வில் ஆறுதலான ஒன்றும் உண்டு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் குலைந்துவிடவில்லை. ஒரு நாள் வகுப்புக்குப் போகவில்லை என்பதற்காக அந்த வாரத்தையே கைவிடாதீர்கள்.

நட்புக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் கண்டார். அதிலும் பாடத்துக்காகவும் வேலைக்காகவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட, சும்மா சேர்ந்து இருக்கும் நேரம்தான் நெருக்கத்தைக் கூட்டுகிறது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று வையுங்கள். 50 மணி நேரத்தைத் தொட 17 வாரம் ஆகும். "வந்து ரெண்டு மாசமாச்சு, ஒரு ஃப்ரெண்டுகூட இல்லை, என்கிட்டதான் ஏதோ கோளாறு" என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காகிதத்தில் போட்டுக் காட்டுவோம். கோளாறு எதுவும் இல்லை, மணி நேரம் இன்னும் சேரவில்லை. ஆனால் ராத்திரி முழுக்கப் பழைய நண்பர்களோடு அலைபேசியில் இருந்தால் அது சேரவும் சேராது. அவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள், மிச்ச நேரத்தில் அறைக்கு வெளியே இருங்கள்.

சரி, என்ன செய்வது?

முதலில் எழும் நேரம். தூங்கும் நேரத்தை உங்களால் கட்டளையிட முடியாது, எழும் நேரத்தை முடியும். விடுமுறை நாளிலும் அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் எதையாவது படியுங்கள், கண் சொக்கியதும் திரும்பப் போங்கள். படுக்கையிலேயே புரண்டுகொண்டிருந்தால் மனம் படுக்கையைக் கவலைப்படும் இடமாகப் பழகிக்கொள்ளும். தூக்கம் வருவதற்காக மது வேண்டவே வேண்டாம். சீக்கிரம் தூங்க வைப்பது போலத் தெரியும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே கூட்டம். விளையாட்டோ பாட்டோ தன்னார்வப் பணியோ எதுவானாலும் சரி. முதல் முறை அந்நியமாகத்தான் இருக்கும், இரண்டாம் முறையும் அப்படித்தான். ஐந்தாறு முறை போன பிறகு பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஒரே முறை போய்விட்டு வந்து சொல்லாதீர்கள்.

வகுப்பில் பின்தங்கினால் ஆசிரியரிடமிருந்து ஒளியாதீர்கள். கல்லூரிகளில் நாங்கள் பார்க்கும் சரிவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. ஒரு வேலையை ஒப்படைக்கவில்லை, அதனால் வகுப்புக்குப் போக வெட்கம், போகாததால் இன்னும் இரண்டு வேலை பாக்கி. மூன்றே வரியில் எழுதுங்கள்: என்ன விட்டுப்போனது, இப்போது எந்த நிலையில் இருக்கிறேன், என்ன கேட்கிறேன். காரணத்தை விரித்து எழுத வேண்டியதில்லை. "திங்கட்கிழமை மாலைக்குள் முதல் பகுதியைத் தருகிறேன், ஏற்பீர்களா" என்று தேதியோடு கேட்டால் பதில் வரும். "மன்னிக்கவும், மனசு சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அவருக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியாது.

எழுதிப் பார்ப்பதும் சிலருக்குக் கைகொடுக்கும். 1980களில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்த முறை: 15 முதல் 20 நிமிடம், அடுத்தடுத்து மூன்று நான்கு நாள், யாருக்கும் காட்டப் போவதில்லை என்ற உறுதியோடு, பிழை பார்க்காமல். எழுதி முடித்த சற்று நேரத்துக்கு மனம் இன்னும் கனப்பது இயல்பு. மறுநாளும் கனம் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பேரிழப்பு நடந்த சூட்டோடு இதைச் செய்ய வேண்டாம்.

பெரிய முடிவுகளைப் பற்றி ஒரு கண்டிப்பு. படிப்பை விடுவது, வேலையை விடுவது, உறவை முறிப்பது, இவற்றை இரவு பதினோரு மணிக்கு முடிவு செய்யாதீர்கள். காகிதத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள், இரண்டு வாரம் கழித்துப் பகலில், தூங்கி எழுந்த தலையோடு எடுத்துப் படியுங்கள். அப்போதும் அதே முடிவு என்றால் அது பரிசீலிக்க வேண்டிய முடிவு. இதற்கு ஒரே விதிவிலக்கு: அடி, மிரட்டல், பாலியல் தொல்லை, துன்புறுத்தல் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காமல் உடனே வெளியேறுங்கள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்ற சொல்லை அங்கே யாரும் பயன்படுத்தக் கூடாது.

வேலையை விட்டு ஓய்வு பெறுபவர்களுக்கும், படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கும் நேர்வது ஒன்றேதான் என்று சொன்னால் இருவருமே நம்புவதில்லை. 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற கிராமத்தில் ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. மேரி யஹோடாவும் உடன் ஆய்வாளர்களும் அங்கே போய்ப் பார்த்தபோது, நேரம் நிறையக் கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது; ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது. வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஒரு சட்டகம், வீட்டுக்கு வெளியே மனிதர்கள், தன்னைவிடப் பெரிய ஒரு நோக்கம், ஓர் அடையாளம், கட்டாயமான ஓர் இயக்கம் என்று ஐந்தையும் சேர்த்துத் தருகிறது என்பதைப் பின்னாளில் யஹோடா விளக்கினார். ஓய்வுத் திட்டம் என்று பணத்தை மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் தயவுசெய்து இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் இனி எங்கிருந்து வரும் என்று கடைசி வேலை நாளுக்கு ஆறு மாதம் முன்பே நிரப்புங்கள். "முதல்ல ரெஸ்ட் எடுக்கிறேன், அப்புறம் பார்க்கலாம்" என்றவர்களில் பலர் அந்த அப்புறத்தில் எங்களிடம் வருகிறார்கள்.

இயல்பான தவிப்பு எது, சிகிச்சை தேவைப்படுவது எது? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி, மாற்றம் நேர்ந்த மூன்று மாதத்துக்குள் தவிப்பு தொடங்கி, அன்றாடத்தைக் குலைக்கும் அளவுக்குப் போனால் அதற்குத் தகவமைவுக் கோளாறு என்று பெயர். அந்த நெருக்கடியும் அதன் விளைவுகளும் நீங்கினால் ஆறு மாதத்துக்குள் அடங்க வேண்டும். பெயரை உங்கள்மேல் நீங்களே ஒட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. இரண்டு வாரமாக, பெரும்பாலான நாள்களில், மனம் சோர்ந்தோ எதிலும் நாட்டமில்லாமலோ இருக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, வகுப்பும் வேலையும் தவறுகின்றன என்றால் வாருங்கள். குழந்தை பெற்ற தாய்க்கும் இதே இரண்டு வாரம்தான் எல்லை. முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வந்து தானாக அடங்குவது வேறு. இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அதை "புது அம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளாதீர்கள்.

கல்லூரி வயதைப் பற்றி ஒரு துறைக் குறிப்பு. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் முக்கால்வாசி 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று 2005இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே இந்த வயதில் தெரியும் எல்லாவற்றையும் புது இடத்து அழுத்தம் என்று முடித்துவிடக் கூடாது. யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது, எல்லோரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்கிறார், நாள் கணக்கில் தூங்காமலே களைப்பின்றிப் பறக்கிறார் என்றால் ஆலோசகரிடம் முறை வாங்கிக் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

சாவைப் பற்றிப் பேசினால், பொருள்களை எல்லாம் யாருக்காவது கொடுக்கத் தொடங்கினால், நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மருந்துகளையும் ஆயுதங்களையும் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள், மருத்துவமனை அவசரப் பிரிவையோ உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு எண்ணையோ உடனே நாடுங்கள். அறிவுரை சொல்லும் நேரம் அதுவல்ல.

பெற்றோருக்கும் துணைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை அழுதால் ஒரு நாளைக்கு ஐந்து முறை கூப்பிடாதீர்கள், கூப்பிடாமலும் இருக்காதீர்கள். ஒரு நேரம் பேசி வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் கூப்பிடுங்கள், தூங்கப் போகும் நேரமாக அது இருக்க வேண்டாம். "உடனே கிளம்பி வந்துடு" என்பதும் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்பதும் ஒரே அளவு கெடுதல். "நண்பர்கள் கிடைச்சாங்களா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லக் கூசி மழுப்புவார்கள். "இன்னிக்கு யார்கூடப் பேசினே?" என்று கேளுங்கள், பெயர் வரும். "எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வரும்போது தீர்வு சொல்லாமல் முழுவதையும் கேளுங்கள். அமைதியானால் அந்த அமைதியோடும் கொஞ்ச நேரம் இருங்கள். "அங்க எல்லாமே புதுசு, கஷ்டமாத்தான் இருக்கும்" என்ற ஒரு வாக்கியத்தை அப்போது சொல்லுங்கள். முதல் மாதத்திலேயே சொல்லுங்கள்.