காசா நோயாளிக்கு மெடிக்கல் பர்மிட்: எப்படி அப்ளை பண்ணணும், எங்க மாட்டும்

காசாவுல ஒருத்தருக்கு கேன்சர்னு வச்சுக்குங்க. கீமோ ஓரளவுக்கு அங்கேயே கொடுத்துட்டு இருந்தாங்க, ஆனா ரேடியேஷன் கிடையாது, அதுக்கு கிழக்கு ஜெருசலேம்ல இருக்கிற அகஸ்டா விக்டோரியா ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருந்துச்சு. கார்ல போனா ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனா நடுவுல எரெஸ் கிராசிங் இருந்துச்சு, காசாவோட வடக்கு எல்லைல இஸ்ரேலுக்குள்ள போற வாசல், அதைத் தாண்ட இஸ்ரேல் கொடுக்கிற பர்மிட் வேணும். 2023 அக்டோபர் வரைக்கும் இது எப்படி ஓடுச்சுன்னு முதல்ல பாப்போம், அது தெரியாம இப்ப நடக்கிறது பிடிபடாது.

ஆரம்பத்துல இப்படி இல்ல. 1991 வரைக்கும் பொதுவா ஒரே அனுமதிதான், காசாக்காரங்க வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்ட்டு வந்துட்டு இருந்தாங்க. வளைகுடாப் போர் சமயத்துல அதை ரத்து பண்ணி ஆளுக்கு ஒரு பர்மிட்னு மாத்திட்டாங்க. 2007-ல ஹமாஸ் காசாவைப் பிடிச்சதும் இன்னும் இறுக்கி, மனிதாபிமான விதிவிலக்கு இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் வழின்னு ஆக்கினாங்க. அதாவது வெளிய போறதுங்கிறது உரிமை இல்ல, நீங்க விதிவிலக்குல வர்றீங்கன்னு நீங்கதான் நிரூபிக்கணும்.

சரி, அப்போ அப்ளை பண்ணது எப்படி? இந்த ட்ரீட்மென்ட் இங்க இல்லன்னு காசா டாக்டர் எழுதித் தரணும். அது மேற்குக் கரைங்கிற இன்னொரு பாலஸ்தீனப் பகுதில இருக்கிற பாலஸ்தீன அரசோட சுகாதார அமைச்சகத்துக்குப் போகும், செலவை அவங்க ஏத்துக்கிட்டாதான் ரெஃபரல் கைக்கு வரும். அதை வச்சு ஜெருசலேம் ஆஸ்பத்திரில தேதி வாங்கணும். அப்புறம் ஃபைலை பாலஸ்தீன சிவில் அஃபேர்ஸ் ஆபீஸ்ல கொடுத்தா அவங்க எரெஸ்ல இருக்கிற இஸ்ரேல் தொடர்பு ஆபீஸுக்கு அனுப்புவாங்க. அது கோகாட்ங்கிற ராணுவப் பிரிவுக்குக் கீழ வருது, செக்யூரிட்டி செக் பண்றது இஸ்ரேலோட உள்நாட்டு உளவுத்துறையான ஷின் பெட். அவசரம் இல்லாத கேஸுக்கு 23 வேலை நாள் எடுத்துக்குவோம்னு 2017-ல இருந்து அவங்களே ரூல் போட்டு வச்சிருந்தாங்க.

கூட வர்றவங்களுக்குத் தனி விண்ணப்பம், தனி செக். இங்கதான் நிறைய குடும்பம் மாட்டுச்சு, ஏன்னா அப்பா அம்மா சின்ன வயசுக்காரங்களா இருந்தா பர்மிட் கிடைக்கிறது கஷ்டம், அதனால குழந்தையைப் பாட்டிகூட அனுப்பி வச்சிட்டு வீட்ல போனைப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். சில நோயாளிகளையே முதல்ல எரெஸுக்கு விசாரணைக்கு வரச் சொல்லுவாங்க.

பதில் ரெண்டு விதம்னு நினைப்பீங்க, உண்டு இல்லன்னு. மூணாவதா ஒண்ணு இருக்கு, அதுதான் ஆளைக் கொல்றது: அப்பாயின்ட்மென்ட் தேதி வரைக்கும் பதிலே வராது, கேட்டா பரிசீலனைல இருக்குன்னு சொல்லுவாங்க. உலக சுகாதார அமைப்பு மாசாமாசம் இந்தக் கணக்கை எடுத்துச்சு. 2012-ல 92% பேருக்கு அனுமதி கிடைச்சது, 2017-ல அது 54%. மிச்சப் பேரையெல்லாம் மறுத்துட்டாங்கன்னு நினைக்காதீங்க, நேரடியா மறுத்தது சுமார் 3%தான், பாக்கி எல்லாம் இந்தப் பதில் இல்லாத கேஸ்தான். மறுப்புன்னா கோர்ட்டுக்காவது போகலாம், என்ன காரணம்னு கேக்கலாம், பதிலே வரலன்னா எதை எதிர்த்துப் போவீங்க? தேதி போச்சுன்னா புது அப்பாயின்ட்மென்ட், புது விண்ணப்பம், மறுபடி முதல்ல இருந்து. அந்த 2017-லயே பர்மிட் கிடைக்காமலும் பதிலுக்குக் காத்திருந்தும் 54 பேர் இறந்தாங்க, அதுல பெரும்பாலானவங்க கேன்சர் நோயாளிங்க. இஸ்ரேல் சொல்ற காரணம் பாதுகாப்பு, நோயாளிங்க பேர்ல ஹமாஸ் ஆளும் பொருளும் அனுப்புதுன்னு. செக் பண்ணவே கூடாதுன்னு நானும் சொல்லல, ஆனா செக் பண்றதுக்கும் தேதி தாண்டுற வரைக்கும் வாயே திறக்காம இருக்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல.

பழி ஒரு பக்கம் மட்டும் இல்ல. 2020 மே மாசம் பாலஸ்தீன அரசு இஸ்ரேலோட ஒருங்கிணைப்பை நிறுத்துச்சு, அப்போ விண்ணப்பத்தை வாங்கி அனுப்பவே ஆள் இல்லாம போய் கடைசில உலக சுகாதார அமைப்பு உள்ள வந்து அந்த வேலையைப் பாத்துச்சு. தெற்கே எகிப்து பக்கம் ரஃபா கிராசிங் இருக்கேன்னு கேட்டா, 2013-ல இருந்து 2018 வரைக்கும் பெரும்பாலும் அதுவும் பூட்டித்தான் கிடந்துச்சு.

அப்போ பர்மிட் கையில இருந்தாலும் காசா ஆம்புலன்ஸ் நேரா ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகாது. கிராசிங்ல காசா ஆம்புலன்ஸையும் அந்தப் பக்கத்து ஆம்புலன்ஸையும் பின்பக்கம் பின்பக்கமா நிறுத்தி, ஆளை இந்த ஸ்ட்ரெச்சர்ல இருந்து அந்த ஸ்ட்ரெச்சருக்கு மாத்துவாங்க, ட்ரிப்ஸ் பாட்டிலைக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டே. மேற்குக் கரைல இருந்து ஜெருசலேம் போறவங்களுக்கும் செக்பாயின்ட்ல பல நேரம் இதே கதைதான்.

2023 அக்டோபர் 7-ல ஹமாஸ் இஸ்ரேல்மேல நடத்தின தாக்குதலோட எரெஸை மூடினாங்க, ஜெருசலேம் வழி அதோட நின்னு போச்சு. அதுக்கப்புறம் கொஞ்சப் பேர் ரஃபா வழியா எகிப்து போனாங்க, 2024 மே 7-ல இஸ்ரேல் ராணுவம் ரஃபாவைப் பிடிச்சதும் அதுவும் அடைஞ்சிடுச்சு. அப்புறம் பெரும்பாலும் உலக சுகாதார அமைப்பு வண்டி ஏற்பாடு பண்ணி கெரெம் ஷாலோம்ங்கிற இஸ்ரேல் கிராசிங் வழியா கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டுப் போனாங்க. இதுல ரூல் இன்னும் நீளம்: முன்னாடி ஒரு ஆஸ்பத்திரி தேதி கொடுத்தா போதும், இப்போ ஒரு நாடே ஏத்துக்கணும், விசா தரணும், அப்புறம் நோயாளி பேரையும் துணை பேரையும் இஸ்ரேல் தனித்தனியா ஓகே பண்ணணும். காத்திருந்தவங்க பத்தாயிரத்துக்கும் மேல. காசாவோட ஒரே கேன்சர் ஆஸ்பத்திரி 2023 நவம்பர்ல எரிபொருள் இல்லாம நின்னுச்சு, 2025 மார்ச்சுல இஸ்ரேல் ராணுவம் அதை இடிச்சுத் தரைமட்டமாக்கிடுச்சு, அதனால முன்னாடி உள்ளூர்லயே கீமோ போட்டுட்டு இருந்தவங்களும் இந்த லிஸ்ட்லதான் பேர் கொடுக்க வேண்டியிருக்கு.