இறுகிய பிடி எதையும் நிரூபிப்பதில்லை

இந்த ஆண்டில் பிரேக் கைவிட்டு எங்களிடம் வந்த மூன்றாவது மோட்டார் சைக்கிள் இது. மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டப்போன தம்பி ஒருவர், பதினைந்தாவது வளைவுக்கு முன்னால் முன்பிரேக்கைப் பிடித்தபோது, விரலால் இழுக்கும் பிரேக் பிடி எந்தத் தடையும் இல்லாமல் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. வண்டி சரளைக்குள் பாய்ந்தது; அவருக்குக் காறையெலும்பு முறிந்தது. இரண்டு நாள் கழித்து வண்டியைச் சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்த நண்பர், பிடியை நான்கைந்து முறை அழுத்திக் காட்டி, “கல்லு மாதிரி இருக்கு பாருங்கண்ணே, அவன்தான் பயத்துல சரியாப் பிடிக்கல” என்றார்.

மூன்று முறையும் இதையே கேட்டுவிட்டதால்தான் எழுதுகிறேன். பிடியை அழுத்தும் விசையைச் சக்கரத்தின் பிரேக்குக்குக் கொண்டுசெல்லும் பிரேக் ஆயில், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. சிங்கப்பூர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நம்மில் பலர் ஊற்றும் டாட் 4 என்ற தர வகை ஆயில், புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சுற்றுக்குச் சுற்று கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் பிரேக் தட்டைக் கவ்வும் கேலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகிறது, நம் விரலின் விசை முழுவதும் அந்த ஆவியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. சூடு ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகி, பிடி பழையபடி இறுகிவிடும். ஆகவே, பட்டறை வாசலில் பிடி கல்லாக இருப்பது பிரேக் இப்போது குளிர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. ஆண்டுச் சோதனையில் தேறிய வண்டிதான் என்று சான்றிதழை நீட்டுவோருக்கும் என் பதில் இதுவே: அந்தச் சில நிமிடங்களில் எந்தப் பிரேக்கும் கொதிக்கும் அளவுக்குச் சூடாவதில்லை.

பிரேக் ஆயில் ஊற்றும் கிண்ணத்தில் ஆயில் மேல்கோடு வரை இருக்கிறதே என்பது அடுத்த வாதம். கோடு ஆயிலின் அளவைச் சொல்லுமே தவிர அதன் வயதைச் சொல்லாது. பிரேக் தட்டை அழுத்தும் பேட் தேயத் தேய ஆயிலின் அளவு இறங்குவது இயல்பு. அதைப் பார்த்து மேலே ஊற்றி நிரப்புகிறவர், தேய்ந்த பேட்டைத் தம்மிடமிருந்தே மறைத்துக்கொள்கிறார். (பிறகு நாங்கள் புதுப் பேட் மாட்டும்போது அது பொங்கி வழிந்து, டாங்கியின் பெயிண்டை அரித்ததற்கும் எங்களையே திட்டுவார்.) அந்தத் தம்பியின் கிண்ணத்தைத் திறந்தபோது உள்ளே ஆயில் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் இருந்தது. பழைய வண்டியாக வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றனவாம். அதற்குள் ஒருமுறைகூட மாற்றியதில்லை.

2020 ஆகஸ்ட்டில் ஆஸ்திரியாவின் ரெட் புல் ரிங் தடத்தில், பிரேக் செயலிழந்த வண்டியிலிருந்து மோட்டோ ஜிபி பந்தய வீரர் மவெரிக் வினியாலெஸ் 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் குதித்த காட்சியைக் கைபேசியில் காட்டி வியக்காத இளைஞர் எங்கள் கடைக்கு வருவதில்லை. வண்டி காற்றடைத்த தடுப்பில் மோதித் தீப்பற்றியது, அவர் எழுந்து நடந்தார், உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய சுற்றுகளிலேயே பிரேக் சோர்வதை அவர் உணர்ந்திருந்தார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. நம் மரீனா பேயில் நடந்த ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்திலும் 2025 அக்டோபரில், கடைசிச் சுற்றுகளில் லூயிஸ் ஹாமில்டனின் பிரேக் கைவிட்டது. தடத்தின் எல்லையை மீறியதற்காக 5 விநாடி தண்டனை பெற்று ஏழாம் இடத்திலிருந்து எட்டுக்கு இறங்கினார். பந்தயக் காரின் கார்பன் பிரேக்குக்கு வரும் கோளாறு வேறு வகை என்றாலும், அவரை வீழ்த்தியதும் வெப்பம்தான். ஜொகூர் நெடுஞ்சாலையில் உங்களுக்காகக் காற்றடைத்த தடுப்பு எதுவும் வைத்திருக்க மாட்டார்கள். முன்னால் செல்லும் லாரியின் பின்புறம்தான் இருக்கும்.

தடத்துக்குப் போகுமுன் ஆயிலை முழுவதுமாக மாற்றுங்கள். வீட்டில் பாதி மிஞ்சிய பழைய புட்டியைக் கொண்டுவந்து காசை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். டாட் 4 இருக்கும் வண்டியில் டாட் 5.1 ஊற்றலாம், டாட் 5 சிலிக்கோன் வகை, அதைக் கலக்கவே கூடாது. பிடி மெத்தென்று வழக்கத்தைவிடச் சற்றே உள்ளே வந்தாலும், அந்தச் சுற்றோடு கையை உயர்த்திக்காட்டி வெளியே வந்துவிடுங்கள். மலேசியாவின் கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருக்காமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். தயவுசெய்து, வெள்ளிக்கிழமை இரவு கடை மூடும் நேரத்தில் ‘நாளைக்குக் காலையில செப்பாங் அண்ணே’ என்று வந்து நிற்காதீர்கள். புதன்கிழமையே வாருங்கள், மறுநாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்து, பிடியில் குறை தெரிந்தால் திரும்பக் கொண்டுவர ஒரு நாளாவது மிச்சமிருக்கும்.